செட்டிநாட்டு வெயிலுக்கு எந்த ஃபஸ்? சொந்தமாகக் கட்ட நினைப்பவர்களுக்கு ஓர் ஒப்பீடு

எலெக்ட்ரிக் கிடாரின் ஒலியைக் கரகரக்க வைக்கும், காலால் மிதித்து இயக்கும் பெட்டிதான் ஃபஸ் பெடல். அதில் ஒன்றே ஒன்றுதான் கட்டப் போகிறோம். திருவிழா லைட் மியூசிக் கச்சேரியில் பழைய படப் பாட்டுக்கும் அதுதான், கல்லூரி விழாவில் ராக் வாசிக்கவும் அதுதான், ராத்திரி வீட்டில் சின்ன ஆம்ப்ளிஃபயரைப் போட்டுத் தனியாக வாசிக்கவும் அதுதான். அப்படியானால் எந்த சர்க்யூட்டைக் கட்டுவது?

வரைபடங்கள் நூற்றுக்கணக்கில் கிடைக்கின்றன. ஆனால் சொந்தமாகக் கட்டுபவர் முன்னால் பெரும்பாலும் வந்து நிற்பவை நான்கு: ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் போட்ட ஃபஸ் ஃபேஸ், அதையே சிலிக்கானில் கட்டுவது, பிக் மஃப், அப்புறம் ஒற்றை டிரான்சிஸ்டரில் முடிந்துவிடும் பாஸ் ஃபஸ். காரைக்குடியில் இருந்துகொண்டு பாகம் வாங்கி, இந்த வெயிலில் மேடையேறப் போகிறவருக்கு நான் சொல்வது சிலிக்கான் ஃபஸ் ஃபேஸ்தான், மூன்று மாற்றங்களோடு. மற்ற மூன்றுக்கும் அதனதன் பெருமை உண்டு. எது எங்கே உதவும், எங்கே கைவிடும் என்று பார்ப்போம்.

முதலில் ஃபஸ் என்ன செய்கிறது என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். கிடாரிலிருந்து வரும் சிக்னலை டிரான்சிஸ்டர் தாங்க முடியாத அளவுக்குப் பெருக்கி, அலையின் தலையையும் அடியையும் வெட்டிச் சதுரமாக்கிவிடுவதுதான் வேலை. சதுரமானால் மேல் சுருதிகள் ஏராளமாகச் சேரும், ஒலி நீண்டு நிற்கும். 1962இல் வந்த மேஸ்ட்ரோ எஃப்இசட்-1 பெடலை டிரம்பெட், செல்லோ மாதிரி ஒலிக்கும் கருவி என்றே விற்றார்கள். நம் காதுக்கு நல்ல ஃபஸ்ஸில் ஒரு தந்தியை இழுத்து நிறுத்தினால் நாகஸ்வரத்தின் சீவாளிதான் நினைவுக்கு வரும். ஒற்றைச் சுரத்துக்கு இது சொர்க்கம். கார்டு பிடித்தால்தான் சங்கடம். ஒன்றுக்கு மேற்பட்ட சுரங்கள் ஒரே நேரத்தில் உள்ளே போகும்போது அவற்றின் கூட்டலும் கழித்தலுமாகப் புதுப் புது அதிர்வெண்கள் பிறக்கும். ஸ–ப சேர்த்து அடித்தால் அவை பெரும்பாலும் ஒத்துப்போகும். ஸ–க–ப முழுதாக அடித்தால் கூழாகிவிடும்.

எதற்கும் ஒத்துவரும் ஃபஸ் எது என்பதற்கு என்னுடைய அளவுகோல் இங்கிருந்துதான் வருகிறது. பெடலில் எத்தனை குமிழ் இருக்கிறது என்பது இரண்டாம் பட்சம். கிடாரில் இருக்கும் வால்யூமைக் குறைத்தால் ஃபஸ் விலகிச் சுத்தமான ஒலி வருகிறதா? அது வந்தால் பல்லவிக்குக் கார்டு, இடையிசைக்கு லீட் (ஒற்றைச் சுர வாசிப்பு) என்று காலால் எதையும் மிதிக்காமலே ஒரு பாட்டு முழுவதையும் வாசித்துவிடலாம். லைட் மியூசிக் மேடையில் அடுத்த பாட்டு என்ன என்று கடைசி நிமிடத்தில்தான் தெரியும். அங்கே இந்தக் குணம் பெரிய சொத்து.

இந்தக் குணத்தில் ஜெர்மானியம் ஃபஸ் ஃபேஸை மிஞ்ச எதுவும் இல்லை. 1966இல் லண்டனில் ஆர்பிட்டர் கம்பெனி வெளியிட்ட வட்டப் பெட்டி அது. உள்ளே இரண்டு டிரான்சிஸ்டர், நான்கு ரெசிஸ்டர், மூன்று கெப்பாசிட்டர், இரண்டு பாட் (குமிழால் திருகும் மின்தடை), அவ்வளவுதான். ஜிமி ஹென்ட்ரிக்ஸ் கையில் அது என்ன ஆயிற்று என்று எல்லோருக்கும் தெரியும். என்கேடி 275, ஏசி 128 என்ற டிரான்சிஸ்டர்கள்தான் அதில் பேர் போனவை. ஏசி 128 நமக்கு அந்நியமான பெயரும் அல்ல. பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் 1962லேயே ஜெர்மானியம் பாகங்கள் செய்யத் தொடங்கிவிட்டது. அந்தக் காலத்துக் கையடக்க ரேடியோக்களில் ஒலி பெருக்கும் பகுதியில் இந்த வகை டிரான்சிஸ்டர்கள்தான் உட்கார்ந்திருக்கும்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளுக்குள் நுழைந்தால் எனாமல் தூக்கு, பெல்ஜியம் கண்ணாடி, சுவர்க் கடிகாரம் இவற்றுக்கு நடுவே ரேடியோப் பெட்டிகளும் தென்படும். மரப்பெட்டியில் இருக்கும் பெரியவை பெரும்பாலும் வால்வு ரேடியோ; அவற்றில் நமக்கு வேண்டியது கிடைக்காது. தோலுறை போட்ட, பேட்டரியில் ஓடுகிற சின்ன டிரான்சிஸ்டர் பெட்டியைத்தான் பார்க்க வேண்டும். ஒன்று சொல்லிவிடுகிறேன்: பாடுகிற பெட்டியை டிரான்சிஸ்டருக்காக உடைக்காதீர்கள். ஓடாது என்று கடைக்காரரே ஒதுக்கி வைத்ததில் தேடுங்கள்.

எடுத்ததை அப்படியே போட்டுவிட முடியாது. ஜெர்மானியத்தில் கசிவு மின்னோட்டம் உண்டு. டிரான்சிஸ்டரின் மூன்று கால்களில் பேஸுக்கு எதுவும் கொடுக்காத போதும் கலெக்டர் காலில் கொஞ்சம் ஓடிக்கொண்டே இருக்கும். அதை அளக்க எளிய வழி இருக்கிறது. 9 வோல்ட் பேட்டரி, கலெக்டரில் 2.47 கே (கிலோ ஓம்) ரெசிஸ்டர், பேஸில் 2.2 மெகா ஓம். பேஸைத் திறந்து விட்டுவிட்டு 2.47 கேயின் குறுக்கே வோல்ட்டைப் பாருங்கள். அது கசிவு. பிறகு 2.2 மெகாவை இணைத்துப் பாருங்கள். கூடியது எவ்வளவோ அதுதான் உண்மையான பெருக்கம். 1 வோல்ட் கூடினால் பெருக்கம் ஏறக்குறைய 100 என்று கணக்கு. கசிவு 0.25 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்ல டிரான்சிஸ்டர். முதலாவதுக்கு 70 பக்கமும் இரண்டாவதுக்கு 120 பக்கமும் கிடைத்தால் அருமையான ஜோடி.

இப்போது டிரான்சிஸ்டரின் உலோகத் தொப்பியை இரண்டு விரலால் பிடியுங்கள். மீட்டரில் எண் மெல்ல ஏறத் தொடங்கும். விரல் சூடு போதும் அதற்கு. வெப்பம் 10 டிகிரி கூடினால் ஜெர்மானியத்தின் கசிவு ஏறக்குறைய இரு மடங்காகும். நமக்கு இடிக்கிற இடம் இதுதான். சுண்ணாம்புப் பூச்சும் தடித்த சுவரும் உயர்ந்த கூரையும் முற்றமும் இருக்கிற நம் ஊர் வீட்டுக்குள் உட்கார்ந்து, ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் பெடலை வைத்துச் சரிசெய்தால் நடு வோல்ட், அதாவது இரண்டாவது டிரான்சிஸ்டரின் கலெக்டரில் உள்ள வோல்ட், அழகாக 4.5இல் நிற்கும். அதே பெடலைச் சித்திரை மாதம் பந்தலுக்குக் கொண்டுபோங்கள். சாயங்காலம் சவுண்ட் செக் நேரத்திலும் தகரக் கூரைக்கடியில் அனல் இறங்கியிருக்காது. கசிவு ஏறி, இரண்டாவது டிரான்சிஸ்டரின் வோல்ட் நகர்ந்து, ஒலி தடித்து மங்கி, சுரம் முடிவதற்குள் அறுந்துபோகும். வெளியே ஒரு பயஸ் குமிழ் (அந்த நடு வோல்ட்டைச் சரிசெய்வது) வைத்துச் சமாளிக்கலாம்தான். ஆனால் கச்சேரி நடுவில் குனிந்து குனிந்து குமிழ் திருகுகிற பெடல் எனக்கு வேண்டாம்.

இன்னொரு சிக்கல், ஏசி 128 பிஎன்பி வகை. பழைய வரைபடப்படி கட்டினால் பேட்டரியின் பாசிட்டிவ்தான் தரை (கிரவுண்ட்). மற்ற பெடல்களோடு ஒரே அடாப்டரில் கோத்தால் ஷார்ட் ஆகும். தனி பேட்டரி கட்டாயம். வீட்டில் பதிவு செய்ய, குளிர்ந்த அறையில் வாசிக்க, ஜெர்மானியம் மாதிரி வராது. மேடைக்கு என்றால் நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

சரி, சிலிக்கானுக்கு வருவோம். ஃபஸ் ஃபேஸ் கம்பெனியே சில ஆண்டுகளில் சிலிக்கானுக்கு மாறிவிட்டது. பிசி 183, பிசி 108 போன்றவை வந்தன. வெயிலில் அசையாது. என்பிஎன் என்பதால் நெகட்டிவ் தரை, எல்லாப் பெடலோடும் சேர்ந்து போகும். பிசி 547 எந்த எலெக்ட்ரானிக்ஸ் கடையிலும் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். உலோகத் தொப்பி வேண்டுமென்றால் பிசி 107 இருக்கிறது. காரைக்குடியில் 1952லிருந்து பொறியியல் கல்லூரி இருக்கிறது. ஈசிஇ பிள்ளைகள் லேபில் ஆம்ப்ளிஃபயர் கட்டுவது பிசி 107இல்தான்.

குறை என்று சொல்வது மூன்று. ஒலி கூர்மையாகக் குத்தும், இரைச்சல் வரும், சில நேரம் ரேடியோவே கேட்கும். மூன்றுக்கும் பெரும்பாலும் ஒரே காரணம், பெருக்கம் தேவைக்கு மேல் இருப்பதுதான். பிசி 547இல் ஏ, பி, சி என்று மூன்று ரகம். சி என்றால் பெருக்கம் 420லிருந்து 800 வரை போகும். அதைத் தொடாதீர்கள். ஏ ரகம் 110லிருந்து 220. முதல் டிரான்சிஸ்டருக்கு ஏ, இரண்டாவதுக்கு ஏ அல்லது பி. சாதாரண டிஜிட்டல் மீட்டரிலேயே எச்எஃப்இ (பெருக்கம்) அளக்கும் துளை இருக்கிறது, அளந்து போடுங்கள். அதோடு இரண்டு டிரான்சிஸ்டருக்கும் கலெக்டர்–பேஸ் நடுவே ஒரு 100 பிகோ ஃபாரட் டிஸ்க் கெப்பாசிட்டர் வைத்தால் குத்தலும் ரேடியோவும் பெருமளவு போய்விடும். டிரான்சிஸ்டரை நேரே பற்ற வைக்காமல் சாக்கெட்டில் செருகுங்கள். மாற்றி மாற்றிக் கேட்டுப் பார்ப்பதுதான் இதில் பாதி இன்பம்.

நான் சொன்ன மூன்று மாற்றங்கள் இனி. முதலாவது பயஸ். பழைய வரைபடத்தில் இரண்டாவது கலெக்டருக்கு 470 ஓமும் 8.2 கேயும் தொடராக இருக்கும். சிலிக்கானில் அது கூடுதல். நடு வோல்ட் 3 பக்கம் இறங்கிவிடும். 8.2 கேயை எடுத்துவிட்டு 3.3 கேயோடு 10 கே பாட் ஒன்றைத் தொடராகப் போட்டு வெளியே கொண்டுவாருங்கள். 4.5 வோல்ட்டில் வைத்தால் முழுமையான, நீண்டு நிற்கும் ஒலி. குமிழைத் திருகி வோல்ட்டைக் கீழே இறக்கினால் ஒலி கிழிந்து, பேட்டரி சாகிற மாதிரி விட்டு விட்டு வரும். வேண்டுமென்றே அந்தக் கிழிசலைப் பயன்படுத்துகிற இடங்கள் உண்டு. வெயிலுக்காகத் திருகும் குமிழ் வேறு, பாட்டுக்காகத் திருகும் குமிழ் வேறு. போகிற போக்கில் 470 ஓமை 1 கே ஆக்கிவிட்டால் ஒலி அளவும் போதுமானதாகிவிடும்.

இரண்டாவது, உள்ளே நுழையும் கெப்பாசிட்டர். 2.2 மைக்ரோ என்பது அடித்தந்தியை முழுதாக உள்ளே விடும். ஹம்பக்கர் (இரட்டைச் சுருள் பிக்கப்) உள்ள கிடாரில் அது குமுறும். ஒரு சின்ன டாகிள் ஸ்விட்ச் வைத்து 2.2 மைக்ரோ, 47 நானோ இரண்டுக்கும் மாறும்படி செய்யுங்கள். 47 நானோவில் அடிப்பகுதி மெலிந்து, தபலாவுக்கும் பேஸ் கிடாருக்கும் இடம் விட்டு லீட் தனியே எழுந்து நிற்கும். பழைய படப் பாட்டுகளின் அந்த மெலிந்த, மூக்கால் பாடுகிற கிடார் ஒலி இந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது.

மூன்றாவதைத்தான் மிக முக்கியம் என்பேன். ஃபஸ் ஃபேஸின் உள்நுழைவு மின்தடை ரொம்பக் குறைவு, 10, 20 கே அளவில்தான். தந்தியின் அதிர்வை சிக்னலாக்கும் கிடார் பிக்கப்போடு நேரடியாகக் கைகோத்தால்தான் அந்த வால்யூம் வித்தை நடக்கும். நடுவில் பஃபர் (பிக்கப்பைப் பின்னால் வருவதிலிருந்து பிரித்துவிடும் சர்க்யூட்) உள்ள பெடலோ வயர்லெஸ்ஸோ வந்துவிட்டால் கை அறுந்துவிடும். ஒலி கீச்சிடும், வால்யூம் குறைத்தாலும் சுத்தமாகாது. நுழைவில் தொடராக ஒரு 50 கே பாட் வைத்தால் பஃபருக்குப் பின்னாலும் பெடல் ஓரளவு பணிந்து நடக்கும். நேரடியாகக் கிடார் செருகும்போது அதைச் சுழியில் வைத்துவிட்டால் பழைய ஃபஸ் ஃபேஸ் அப்படியே இருக்கும்.

இந்த மூன்றும் சேர்ந்தால் நான்கு குமிழ், ஒரு ஸ்விட்ச். மொத்தப் பாகங்கள் ஒரு உள்ளங்கையில் அடங்கும்.

பிக் மஃப் வேறு வகை. எலெக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ் கம்பெனியின் படைப்பு, நான்கு சிலிக்கான் டிரான்சிஸ்டர், நடுவில் இரண்டு கட்டங்களில் டையோடு வைத்து வெட்டு. ஒலி பட்டு மாதிரி நீளும். பிங்க் ஃபிளாய்ட் கிடார் கலைஞர் டேவிட் கில்மோர் ஃபஸ் ஃபேஸ், பிக் மஃப் இரண்டையும் பயன்படுத்தியவர். அவர் வாசிப்பைக் கேட்டவர்களுக்கு வித்தியாசம் விளங்கும். தனியாக வாசிக்கும்போது இதைவிடப் பிரம்மாண்டமான ஒலி கிடையாது. ஆனால் அதன் டோன் சர்க்யூட் நடு அதிர்வெண்களைக் குடைந்து எடுத்துவிடுகிறது. கிடார் கேட்கவேண்டியதே அந்த நடுப்பகுதியில்தான். இரண்டு கீபோர்டு, ரிதம் பேட், தபலா, பாடகர்கள் எல்லாம் இருக்கிற லைட் மியூசிக் மேடையில் பிக் மஃப் வாசிப்பவருக்கு மட்டும் காலடியில் இடிபோல் கேட்கும், கூட்டத்துக்குப் போய்ச் சேராது. டோன் பகுதியில் உள்ள 3.9 நானோவை 10 நானோ ஆக்கினால் பள்ளம் ஓரளவு நிரம்பும். இதைச் செய்யாமல் மேடைக்குக் கொண்டுபோக வேண்டாம். கிடார் வால்யூமைக் குறைத்தால் சுத்தமாகும் குணமும் இதில் குறைவு. பாகங்கள் நாற்பதைத் தாண்டும் என்பதால் டாட் போர்டில் (பாகங்களைப் பற்ற வைக்கும் துளைப் பலகை) முதன்முறை கட்டுபவருக்குத் தவறு எங்கே என்று தேடுவதே பெரும்பாடு.

பாஸ் ஃபஸ் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். ஒரு எம்பிஎஸ்ஏ 13 டிரான்சிஸ்டர், ஒரு 1என் 4148 டையோடு, ஒரு 10 கே, இரண்டு கெப்பாசிட்டர், ஒரு வால்யூம் பாட். ஒரு சாயங்காலத்தில் முடியும், முதல் முயற்சியிலேயே சத்தம் வரும். பேஸ் கிடாரில் நன்றாகவே இருக்கும். ஒரே ஒலிதான், வேறு எதுவும் கேட்காதீர்கள். சால்டரிங் அயர்ன் பிடித்துப் பழக இதைக் கட்டிவிட்டு அடுத்ததாகச் சிலிக்கானுக்குப் போகலாம்.

பாகம் வாங்குவதில் ஒரு வார்த்தை. ரெசிஸ்டர், கெப்பாசிட்டர், டாட் போர்டு எல்லாம் உள்ளூரிலோ மதுரை, திருச்சியிலோ முடிந்துவிடும். சென்னை ரிச்சி தெருவுக்குப் போகிறவர்கள் இருந்தால் இன்னும் நல்லது. கிடார் வயர் செருகும் ஜாக்கைக் கால் இஞ்ச் என்று கேட்டால் கடைக்காரர் விழிப்பார். மைக் செட்காரர்கள் பேச்சில் அது பி-38. உள்நுழைவுக்கு ஸ்டீரியோ பி-38 சாக்கெட் கேட்டு வாங்கி, பேட்டரியின் நெகட்டிவை நடு வளையத்தில் இணையுங்கள். கிடார் வயரைச் செருகினால்தான் பெடல் உயிர் பெறும், உருவினால் பேட்டரி மிச்சம். இந்த சர்க்யூட் இழுப்பதே 1 மில்லி ஆம்பியர் அளவுதான். ஒரு 9 வோல்ட் பேட்டரி நூறு மணி நேரத்துக்கு மேல் தாங்கும். காலால் மிதிக்கும் ஒன்பது முனை ஸ்விட்ச் மட்டும் ஆன்லைனில் வாங்க வேண்டியிருக்கும். மொத்தச் செலவில் கணிசமான பங்கு அதற்கும் பெட்டிக்கும்தான் போகும்.

பெட்டி அலுமினிய வார்ப்புப் பெட்டியாக இருந்தால் துளையிடுவதும் எளிது, மிதியும் தாங்கும். எவர்சில்வர் சம்படத்தில் கட்ட ஆசைப்படுவார்கள். இரைச்சலைத் தடுக்கும்தான், ஆனால் தகடு மெல்லியது, ஷூ காலில் நசுங்கும், துளையிடும்போது டிரில் வழுக்கும். பழைய வீட்டு நிலைக்கதவில் மிஞ்சிய பர்மா தேக்குத் துண்டு வைத்திருப்பவர்கள் அதில் பெட்டி செய்துகொள்ளலாம், பார்க்கவே நெஞ்சு நிறையும். உட்பக்கம் முழுதும் தாமிரத் தாள் ஒட்டி அதைத் தரையோடு இணைக்க மட்டும் மறக்கக்கூடாது. இல்லாவிட்டால் டியூப் லைட்டின் உறுமலெல்லாம் உள்ளே வந்துவிடும்.

வாசிக்கும்போது ஃபஸ் குமிழை ஏறக்குறைய முழுதாகத் திறந்து வைத்துவிட்டு, கூட்டுவதையும் குறைப்பதையும் கிடாரில் செய்யுங்கள். கிடார் வால்யூம் பத்தில் ஆறு, ஏழு வரும்போது கார்டு பிரிந்து கேட்கும், முழுதாகத் திறந்தால் லீட். பெடல் வரிசையில் முதல் இடம் ஃபஸ்ஸுக்கு, டிலே எல்லாம் அதற்குப் பின்னால்.

மாசி–பங்குனியில் மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் திருவிழா மாதிரிக் கூட்டத்துக்கு நடுவே வாசிக்கும்போது கிடார் ஆம்ப்ளிஃபயர் இல்லாமல் நேரே மிக்சருக்குப் போகச் சொல்வார்கள். ஃபஸ்ஸை அப்படி அனுப்பினால் ஹார்ன் ஸ்பீக்கரில் தேனீக் கூடு கலைந்த சத்தம்தான் வரும். கிடார் ஸ்பீக்கர் 5 கிலோ ஹெர்ட்ஸுக்கு மேல் தானாகவே வடிகட்டிவிடும், மைக் செட் ஸ்பீக்கர் வடிகட்டாது. கிடார் ஸ்பீக்கர் போலவே வடிகட்டித் தரும் கேபினெட் சிமுலேட்டர் ஒன்று நடுவில் வேண்டும். இல்லையென்றால் மிக்சரில் உட்காருபவரிடம், "அண்ணே, கிடார் லைன்ல ஹை-யை நல்லா இறக்கிருங்க" என்று ஆரம்பத்திலேயே சொல்லி வைப்பது நல்லது.

யாருக்கு என் சிபாரிசு பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். மேடையில் வயர்லெஸ் இல்லாமல் முடியாது என்பவர், வரிசையில் பஃபர் பெடல்களை மாற்ற விரும்பாதவர், கார்டே வேண்டாம், நீண்ட லீட் மட்டும் போதும் என்பவர், இவர்களுக்கு டோன் பகுதி திருத்திய பிக் மஃப்தான் சரி. முன்னால் எது இருந்தாலும் அது கவலைப்படாது. ப்ரீஆம்ப் வைத்த எலெக்ட்ரோ-அக்கூஸ்டிக் கிடார் மட்டுமே கையில் இருப்பவர் இப்போதைக்கு எதையும் கட்ட வேண்டாம். எந்த ஃபஸ்ஸைப் போட்டாலும் அந்த மரப்பெட்டி ஊளையிடும். அந்தப் பணத்தைச் சேர்த்து வைத்து, பழையதானாலும் பரவாயில்லை, ஒரு எலெக்ட்ரிக் கிடார் வாங்கிக்கொண்டு வாருங்கள்.